கொள்ளும் அம்மிக்கல்லும்: மண்ணுக்குள்ளே ஒரு சின்ன விவசாயக் கிராமம்



சென்ற இதழில் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பற்றி எழுதியிருந்தோம். இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான பாடம். "இதுக்கும் நலன்புரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். வாசித்து முடித்தபிறகு கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் சரித்திரம் படித்திருக்கிறோம். அந்த ராஜா இந்தக் குளத்தைக் கட்டினார், இந்த ராஜா அந்தப் போரில் வென்றார் என்று படித்திருக்கிறோம். கண்டி டவுனுக்குப் போனால் மாளிகையைப் பார்க்கலாம், தலதா மாளிகையைப் பார்க்கலாம். ஆனால் ராஜாவுக்குச் சோறு போட்டவன் யார்? ராஜா என்று ஒருத்தர் வருவதற்கு முந்தியே காட்டை வெட்டி, விதையைத் தூவி, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்களும் பெண்களும் எங்கே வாழ்ந்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. கல்வெட்டு வெட்டி வைக்கவில்லை. அப்படியானால் அவர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? இதுதான் இன்றைய பாடம்.

எது அழியும், எது நிற்கும்?

இதை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போகத் தேவையில்லை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் தெல்தெனியவைத் தாண்டித்தான் போகிறோம். இப்போது இருப்பது புதிய தெல்தெனிய. பழைய டவுன் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1985 இல் விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. கடுமையான வரட்சி வந்து தண்ணீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் அடையாளங்கள் வெளியே தெரியும். மூத்தவர்கள் அதைக் காட்டி, "இந்தா, இங்கதான் கடைவீதி இருந்தது" என்று சொல்வார்கள். கூரை போயிற்று, கதவு நிலை போயிற்று, மரச்சாமான் போயிற்று. கல்லும் அத்திவாரமும் நிற்கின்றன.

நம்ம தோட்டத்திலேயே கைவிடப்பட்ட பழைய லயங்களைப் பாருங்கள். தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கூரை மரம் விறகாகிவிடும். சில வருசத்தில் காடு மூடிவிடும். ஆனால் கால் வைத்தால் கருங்கல் வரிசை தட்டுப்படும். அடுப்பு இருந்த இடத்தில் மண் கறுத்திருக்கும். உடைந்த சட்டி ஓடு கிடக்கும். மூலையில் ஒரு அம்மிக்கல் பாதி புதைந்து கிடக்கும். அந்த லயத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியிலும் எழுதவில்லை என்றாலும், ஒரு குடும்பம் அங்கே சமைத்துச் சாப்பிட்டது என்பதை அந்த அடுப்புக்கரி சொல்லிவிடும்.

ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்திய கிராமத்தையும் இதே மாதிரித்தான் கண்டுபிடிக்கிறார்கள். துணி உக்கிவிடும். பாய், கூடை, கயிறு எல்லாம் உக்கிவிடும். மண்பானை உடையும், ஆனால் ஓடு உக்காது. கல் உக்காது. இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது: கருகிப்போன தானியமும் உக்காது. பச்சைப் பயறு மண்ணில் விழுந்தால் முளைக்கும், அல்லது புழு தின்னும். அடுப்பில் தவறி விழுந்து கரியாகிப்போன பயறை எந்தப் புழுவும் தொடாது. அன்றைக்குச் சமைத்த பெண் "ஐயோ கருகிப்போச்சே" என்று சாம்பலோடு கூட்டித் தள்ளிய அந்த நாலு மணிதான் இன்றைக்கு ஆய்வாளர்களுக்குப் பெரிய சாட்சி.

பையம்பள்ளி என்னும் ஊர்

காப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் நம்ம பாட்டன் பூட்டன்மார் சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை என்று பல பக்கமிருந்தும் இந்த மலைகளுக்கு வந்தார்கள். சேலத்துக்கு வடக்கே திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளி என்று ஒரு கிராமம் உண்டு. முன்பு அது வட ஆர்க்காடு மாவட்டம். 2019 இலிருந்து திருப்பத்தூரே தனி மாவட்டமாகிவிட்டது. இந்தியத் தொல்லியல் துறையினர் 1964-65 இலும் பிறகு 1967-68 இலும் அங்கே தோண்டிப் பார்த்தார்கள். எஸ்.ஆர்.ராவ் என்பவர் அந்த வேலையை நடத்தினார். குஜராத்தில் லோதல் என்னும் சிந்துவெளிக் காலத் துறைமுக நகரத்தைத் தோண்டியவரும் இவர்தான்.

பையம்பள்ளியில் நகரமும் இல்லை, கோட்டையும் இல்லை. அது ஒரு சின்ன விவசாயக் குடியிருப்பு. அங்கே கிடைத்த கரியை வைத்துக் கணித்துப் பார்த்தால், கி.மு. 1400 ஐ ஒட்டிய காலம் என்று வருகிறது. அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 3,400 வருசத்துக்கு முன்பு. அந்த மக்களுக்கு இரும்பு தெரியாது. எழுத்துத் தெரியாது. இந்தக் காலத்தைத்தான் புதிய கற்காலம் என்று புத்தகங்களில் சொல்கிறார்கள்.

அவர்கள் எப்படி வீடு கட்டினார்கள் தெரியுமா? நிலத்தில் வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குழி தோண்டி, அந்தக் குழியையே வீடாக்கிக்கொண்டார்கள். குழியின் விளிம்பைச் சுற்றிக் கம்பு நட்டு, மேலே கூரை போட்டார்கள். கம்பு உக்கிப்போய்விட்டது. கம்பு நின்ற ஓட்டை மட்டும் இருக்கிறது. உள்ளே அடுப்பு இருந்த அடையாளம் இருக்கிறது. வாடைக் காற்றுக்கும் வெயிலுக்கும் குழி வீடு நல்லதுதான். ஆனால் நம்ம ஹுன்னஸ்கிரிய மழையில் அப்படி வீடு கட்டினால் விடியும்போது கிணறாகியிருக்கும். அந்தந்த ஊர்க் காலநிலைக்கு ஏற்ற வீட்டை அந்தந்த ஊர் மக்கள் கட்டிக்கொள்கிறார்கள்.

பானைகளைச் சக்கரமில்லாமல் கையாலேயே வனைந்தார்கள், சாம்பல் நிறப் பானைகள். கோடரியைக் கல்லில் செய்தார்கள். கண்டபடி உடைத்த கல் அல்ல அது. கடினமான கல்லைக் கொத்தி, பிறகு இன்னொரு கல்லில் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கி, விளிம்பைக் கூராக்கி, மரப்பிடி போட்டார்கள். ஒரு கோடரிக்கு எத்தனை நாள் தேய்க்கவேண்டும் என்று கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறவர்கள் யோசித்துப் பாருங்கள். சேலத்துப் பக்கம் சேர்வராயன் மலையிலும் (அதுவும் காப்பித் தோட்டமுள்ள மலைதான்) இந்த வகைக் கற்கோடரிகள் நிறையக் கிடைக்கின்றன. சில இடங்களில் அவற்றை எடுத்துப் பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். யாரோ பாட்டன் காடு வெட்டிய ஆயுதம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருப்பது பொருத்தம்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இனி முக்கியமான விசயம். பையம்பள்ளியில் கருகிய தானியம் கிடைத்தது. கொள்ளும் பாசிப்பயறும். ஆமாம், நாம் சுண்டல் செய்கிற அதே பயறு, துவையலும் ரசமும் வைக்கிற அதே கொள்ளு. சிங்களத்திலும் அதைக் கொள்ளு என்றுதான் சொல்கிறார்கள். இந்த இரண்டும் தென்னிந்திய மண்ணிலேயே முதன்முதலில் பயிராக்கப்பட்டவற்றுள் சேரும் என்று பயிர் வரலாற்றை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். மழை குறைந்த செம்மண்ணிலும் வரும், உரம் கேட்காது, உலர்த்தி வைத்தால் அடுத்த மழைவரைக்கும் வீட்டில் இருக்கும். அந்த மக்களின் புத்தி அதில் தெரிகிறது.

நாம் சேனையில் போடுகிற குரக்கனின் கதை வேறு. நம்ம ஊரில் கேழ்வரகு என்பார்களே, அதுதான். அது கிழக்கு ஆபிரிக்காவின் மேட்டு நிலங்களில் பிறந்த பயிர். கடல் தாண்டி நம்ம பக்கம் வந்து, இப்போது மீமுரைப் பக்கத்துச் சேனைக்காரருக்கும் கொல்லிமலைக்காரருக்கும் சொந்தப் பயிராகிவிட்டது. தேயிலையோ நேற்று வந்த செடி. லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867 இல்தான். கொள்ளுக்கு முன்னால் தேயிலை ஒரு கைக்குழந்தை.

அரைத்தவளின் முழங்கால்

பையம்பள்ளியில் அரைக்கும் கல்லும் குழவியும் கிடைத்தன. இந்த மாதிரிச் சின்னக் கிராமங்களைத் தோண்டினால் அம்மி இல்லாத இடமே அநேகமாக இராது. ஆட்டுக்கல் மாதிரிச் சுற்றுவது அல்ல, நம்ம அம்மி மாதிரி முன்னும் பின்னும் தள்ளி அரைப்பது. நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தைத் தேய்த்தது ஒரு கை அல்ல. தாய், மகள், பேத்தி என்று வரிசையாகத் தேய்த்திருப்பார்கள்.

இதைச் சொல்லும்போது வேறு தேசத்துக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் அபு ஹுரேரா என்று ஓரிடம் இருந்தது. உலகத்திலேயே மிகப் பழைய விவசாயக் கிராமங்களில் ஒன்று. அங்கே அணை கட்டினார்கள். நம்ம பழைய தெல்தெனிய மாதிரியே அந்த இடமும் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று தெரிந்ததும், 1972 இலும் 1973 இலும் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். பிறகு நீர் மூடிவிட்டது. அங்கே கிடைத்த எலும்புகளை லண்டனில் தெயா மொல்லசன் என்ற அம்மையார் ஆராய்ந்தார். பெண்களின் எலும்புகளில் ஒரு விசயத்தைக் கண்டார். கால் பெருவிரல் மூட்டுத் தேய்ந்திருந்தது. முழங்காலில் அழுத்தத்தின் அடையாளம். இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் பாதிப்பு. ஏன்? தினமும் மணிக்கணக்காக முழங்காலில் இருந்து, கால் விரலை ஊன்றி, முன்னும் பின்னும் வளைந்து தானியம் அரைத்ததால்தான் என்று அவர் 1994 இல் விளக்கி எழுதினார்.

கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கும் நம்ம அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வேலை எலும்பிலே எழுதப்படுகிறது. ஒரு ராஜாவின் பெயர் கல்லில் இருக்கும். ஒரு பெண்ணின் உழைப்பு அவளுடைய முழங்காலில் இருக்கும். இரண்டும் சரித்திரம்தான்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தொல்பொருள் ஆய்வாளர் தோண்டுவதற்கும் நாம் கான் வெட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நமக்குக் கொந்தரப்பு முடியவேண்டும். அவர்களுக்கு ஒரு நாளைக்கு ஓரிரு அங்குலம் போனால் போதும். மம்பட்டி குறைவு, சாந்தகப்பையும் தூரிகையும்தான் அதிகம்.

ஆழமாகக் கான் வெட்டும்போது பக்கச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். மேலே கறுப்பு மண், கீழே சிவப்பு மண், அதற்கும் கீழே கப்பி. மனிதன் வாழ்ந்த இடத்திலும் இப்படிப் படை படையாக இருக்கும். கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது. எந்தப் பொருள் எந்தப் படையில் கிடந்தது என்பதை அவர்கள் அளந்து எழுதி வைப்பார்கள். அந்த அளவு இல்லாவிட்டால் பொருளுக்குப் பேச்சு வராது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

கம்புக் குழியை எப்படி அறிவது? பழைய வேலிக் கம்பு உக்கிப்போன இடத்தில் மண்ணின் நிறம் மாறி, கை வைத்தால் பொலபொலவென்று இருக்கும் அல்லவா? அதே அடையாளம்தான். அப்படிப்பட்ட வட்டங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு குடிசையின் உருவம் வந்துவிடும்.

தானியத்தைப் பொறுக்குவதற்கு ஒரு லேசான வழி வைத்திருக்கிறார்கள். அடுப்படி மண்ணைத் தண்ணீரில் போட்டுக் கலக்குவார்கள். மண் அடியில் தங்கும், கரியும் கருகிய தானியமும் மிதக்கும். அதை மெல்லிய சல்லடையில் வடித்து, நிழலில் உலர்த்திப் பார்ப்பார்கள். அரிசி களைந்து உமி போக்குகிற நம்ம பெண்களுக்கு இந்த வேலையை ஒரு மணித்தியாலத்தில் பழக்கிவிடலாம் என்பது எங்கள் கருத்து.

வருசத்தைக் கணிப்பது கரியை வைத்து. மரத்திலும் தானியத்திலும் காபன் என்ற பொருள் உண்டு. அதில் ஒரு வகை, செடி உயிரோடு இருக்கும்வரைக்கும் காற்றிலிருந்து சேர்ந்துகொண்டே இருக்கும். செடி செத்தபிறகு மெல்ல மெல்லக் குறையும். சுமார் 5,730 வருசத்தில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் எத்தனை வருசம் என்று கணக்குப் போடலாம். பேர் போடும் புத்தகத்தில் நாள் கணக்குப் பார்க்கிற மாதிரி.

நம்ம நாட்டில்?

இலங்கையில் மிகப் பழைய மனிதர்கள் வேட்டையாடி, காட்டில் கிடைத்ததைத் தின்று வாழ்ந்தவர்கள். கித்துல்கல பெலிலென, குருவிட்டைப் பக்கம் படதொம்பலென ஆகிய குகைகளில் வெள்ளைக்கல்லில் செய்த சின்னச் சின்ன ஆயுதங்கள் கிடைத்திருக்கின்றன. கெக்குணக் கொட்டையும் காட்டு வாழையும் காட்டு ஈரப்பலாவும் சாப்பிட்ட அடையாளம் கிடைத்திருக்கிறது. கடற்கரையிலிருந்து உப்புக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்றும் சிரான் தெரணியகல போன்ற ஆய்வாளர்கள் எழுதியுள்ளார்கள். இவர்கள் பயிர் செய்தவர்கள் அல்ல. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் கிடைத்த மகரந்தத்தை வைத்து, அங்கே மிகப் பழைய காலத்திலேயே வாற்கோதுமை போன்றவை பயிராகின என்று பிரேமதிலக்க என்ற ஆய்வாளர் 2003 இல் எழுதினார். அதை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வீடும் அடுப்பும் அங்கே கிடைக்காதவரை நாங்களும் கொஞ்சம் பொறுத்தே பேசுவோம்.

பையம்பள்ளி மாதிரிக் கற்கோடரி விவசாயக் கிராமம் இலங்கையில் தெளிவாகக் கிடைக்கவில்லை. இங்கே விவசாயம் இரும்போடு சேர்ந்தே நன்றாகத் தெரிய வருகிறது. அநுராதபுரத்தில் 1969 இல் ஆழக் குழி வெட்டிப் பார்த்தார்கள். மேலிருந்து அடிவரை சுமார் 10 மீற்றர், அதாவது ஒரு தேயிலை ஸ்டோரின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவும் மனிதர் வாழ்ந்த மண். அடியிலே, கி.மு. 900 ஐ ஒட்டிய படையில், இரும்பும், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடும், மாடு வளர்த்ததற்கும் நெல் விளைத்ததற்கும் ஆதாரங்களும் கிடைத்தன. பிறகு 1989 இலிருந்து ரொபின் கொனிங்ஹாம் என்பவரின் குழு தோண்டியபோது அடிப்படைகளில் வட்டக் குடிசைகளின் கம்புக் குழிகள் தெரிந்தன. பிற்காலத்தில் பெரிய ராஜதானியான அந்த இடம் ஆரம்பத்தில் வட்டக் குடிசைகள் நின்ற ஊர்தான்.

நமக்குக் கிட்டடியில் இருப்பது இப்பன்கட்டுவ. கண்டியிலிருந்து மாத்தளை, நாலந்தை வழியாகத் தம்புள்ளைக்குச் சுமார் 72 கிலோமீற்றர். தம்புள்ளை குகை விகாரைக்குச் சில கிலோமீற்றர் தள்ளி, குளத்துக்கும் தம்புலு ஓயாவுக்கும் அருகில் இருக்கிறது. அங்கே தெரிவது கல்லறைகள். நாலு பக்கமும் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடியிருக்கிறார்கள். உள்ளே எரித்த எலும்பும் சாம்பலும் வைத்த தாழி, பானைகள், இரும்புச் சாமான், பாசிமணி. கி.மு. 700 முதல் 400 வரையான காலம் என்று சொல்கிறார்கள். மத்திய கலாசார நிதியமும், பின்னர் பட்டப்பின் தொல்பொருளியல் நிறுவனமும் ஜேர்மன் ஆய்வாளர்களும் சேர்ந்து 1980 களிலும் 1990 களின் ஆரம்பத்திலும் அங்கே தோண்டினார்கள். கல்லறைக்குப் பக்கத்திலேயே அந்த மக்கள் குடியிருந்த இடத்தின் தடயங்களும் உண்டு. மணிகளில் சில சிவப்பு நிறக் கார்னீலியன் கல். அந்தக் கல் அந்த ஊரில் கிடைப்பதில்லை, இந்தியாவிலிருந்து வந்தது. அந்தக் காலத்திலேயே ஆட்களும் சரக்கும் கடலைக் கடந்து போய்வந்திருக்கிறார்கள்.

கல்லறையைப் பார்த்தால் மனதில் ஒன்று தோன்றும். காப்பிக் காலத்தில் நம்ம முன்னோர் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்த பாதை இந்தத் தம்புள்ளை வழியாகத்தான் வந்தது. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பலகைக் கல்லும் இல்லை, பேர்ப்பட்டியலும் இல்லை. இரண்டாயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திய விவசாயி ஒருவனை அவன் சொந்தக்காரர்கள் எப்படி அனுப்பி வைத்தார்கள் என்று நமக்குத் தெரியும். நம்ம சொந்தப் பூட்டன் எங்கே கிடக்கிறான் என்று தெரியாது. பெயர் எழுதப்படாதவர்களின் தடயம் மண்ணில் மட்டுமே இருக்கிறது. அந்த மண்ணைக் கலைத்துவிட்டால் அவர்களுக்கு வேறு சாட்சியில்லை.

"தங்கம் கிடைச்சுதா, சேர்?"

இந்தப் பாடத்தை மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னபோது ஒரு பையன் கேட்ட கேள்வி இது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் இது சிரிக்கிற விசயம் அல்ல. புதையல் தோண்டப் போனவர்கள் பிடிபட்டார்கள் என்று பத்திரிகையில் வராத மாதம் குறைவு. யாரோ ஒரு ஆள் வருவார், கனவில் கண்டேன் என்பார், பூசை சாமான் பட்டியல் கொடுப்பார், அலவாங்கும் மம்பட்டியும் தூக்க நம்ம இளைஞர்களைக் கூப்பிடுவார். இரவுச் சம்பளம் பெரிசு என்பார். பொலிஸ் வரும்போது பூசாரி ஓடிவிடுவார். மம்பட்டி பிடித்தவன் அகப்படுவான். பிறகு வழக்கு, வக்கீல், அடகு வைத்த நகை. அந்த வீட்டுப் பெண் நம்ம ஒபீஸ் வாசலில் வந்து நிற்பாள். அதனால்தான் இது நலன்புரிப் பாடம்.

இப்படிப்பட்ட சின்னக் கிராமங்களில் தங்கப் பானை இருக்காது. விவசாயி வீட்டில் என்ன இருக்கும்? நம்ம வீட்டில் இருப்பதுதான் இருக்கும். உடைந்த சட்டி, அரைக்கும் கல், கருகிய கொள்ளு. இப்பன்கட்டுவ போன்ற கல்லறையில் ஒரு மணியோ சின்ன நகையோ இருந்தாலும், அதைக் களவாக விற்றால் கையில் வருவது சொற்பம். ஆனால் முன்பு சொன்னோமே படை, அளவு என்று, அது ஒரே இரவில் போய்விடும். குழி வீடு கலைந்துவிடும், கம்புக் குழி கலைந்துவிடும், கருகிய பயறு மண்ணோடு கலந்துவிடும். பிறகு எந்த நிபுணர் வந்தாலும் அதை மீட்க முடியாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் இருக்கும் இதுவரை கண்டெடுக்கப்படாத தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம். நிலம் என்னுடையது, ஆகவே பொருளும் என்னுடையது என்று ஒருவரும் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். 1998 இல் சட்டத்தைத் திருத்தித் தண்டனையையும் கூட்டிவிட்டார்கள்.

சரி, களவாக இல்லாமல், வேலை செய்யும்போது தற்செயலாக ஏதாவது வந்தால் என்ன செய்வது? கான் வெட்டும்போதோ, முள்ளு குத்தும்போதோ, வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போதோ, நிறையப் பழைய ஓடு ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், நிறுத்திவைத்த பலகைக் கல் வரிசை தெரிந்தால், வழுவழுப்பான கற்கோடரி கிடைத்தால், முதலில் மம்பட்டியைக் கீழே வையுங்கள். கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். கிடந்தது கிடந்தபடி இருக்கட்டும். மழை வரும்போலிருந்தால் மேலே ஒரு இறப்பர் சீட்டைப் போட்டு, பக்கத்தில் ஒரு கம்பை நட்டு வையுங்கள். கங்காணியிடம் சொல்லுங்கள், அவர் மூலம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள், பொலிஸுக்கும் தெரியப்படுத்துங்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொன்னாலும் அவர் வழிகாட்டுவார். யாரிடம், எந்தத் திகதியில் சொன்னோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வது நல்லது. சொல்லப் பயமாக இருந்தால் நலன்புரி ஒபீஸுக்கு வாருங்கள், நாங்கள் கூட வருகிறோம். உடைந்த ஓடு எல்லாமே பழையது என்று எண்ணிவிட வேண்டாம், பழைய லயத்துச் சட்டி ஓடும் தோட்டத்தில் எங்கும் கிடக்கும். அப்படியிருந்தாலும் சொல்வதில் நட்டமில்லை.

இப்பன்கட்டுவையைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து காலை முதல் பஸ்ஸில் கண்டிக்குப் போய், அங்கிருந்து தம்புள்ளை பஸ் எடுக்கலாம். குகை விகாரைக்குப் போகிறவர்கள் அதே பயணத்தில் இதையும் பார்த்துவிடலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே வெயில் அதிகம். கல்லறைக் கல்லில் ஏறி உட்கார விடாதீர்கள்.

மாலை வகுப்பில் பேசுவதற்குச் சில கேள்விகளைத் தருகிறோம். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பதில் சொல்லுங்கள். பையம்பள்ளி மக்கள் குழிக்குள் வீடு கட்டியது எதற்காக இருக்கும்? கருகிய தானியம் ஏன் உக்குவதில்லை? உங்கள் வீட்டு அம்மி யார் கொண்டு வந்தது, எத்தனை பேர் கை பட்டது, பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். உங்கள் லயம் இன்றைக்கே மண்ணுக்குள் போய், மூவாயிரம் வருசம் கழித்து ஒருவர் தோண்டினால், உங்களைப் பற்றி அவருக்கு என்னென்ன தெரியவரும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற நல்ல பதில்களை அடுத்த இதழில் போடுவோம். பெயரையும் தோட்டப் பிரிவையும் மறக்காமல் எழுதுங்கள்.